வட்டத்தைத் தொடாமல் திரும்பியவர்

எதிர்வீட்டுக்காரர் வந்து, "உங்களுக்குப் போன் வந்திருக்கு, திருநகர்லருந்து" என்று சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு ஓடிப்போய் வாங்கினேன். கேப்டன் தவசிமுத்துவின் மகள் செல்வி பேசினாள். "அத்தை, அப்பா காலையில போயிட்டாக." வீட்டுக்கு வந்து உலையை வைத்தேன், இறக்கினேன், மறுபடி வைத்தேன். கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "கொஞ்சம் உட்காரேன்" என்றார் என் கணவர். உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதுகூட இரண்டு முறை எழுந்து போய்விட்டு வந்திருக்கிறேன்.

நம் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆலைக்குச் சொந்தமாக இரட்டை எஞ்சின் வைத்த சிறு விமானம் ஒன்று இருந்த காலம் அது. அதை ஓட்டியவர் அவர். வானிலை கேட்பது, அனுமதி வாங்குவது, டிரங்க் கால் போட்டுக் காத்திருப்பது ஆகியவை என் வேலை. உசிலம்பட்டிக்கு மேற்கே பருத்தி விதைக்கும் குடும்பத்தில் பிறந்து, பறக்கும் பயிற்சிக்காகச் சென்னைக்குப் போன மனிதர். என் பெயர் மல்லிகா என்றாலும் என்னை 'தாயி' என்பார். நான் அண்ணே என்பேன்.

அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அவனியாபுரத்தைத் தாண்டி, விமான நிலைய ஓரத்தில் எங்களுக்கு இருந்த அறையில் இரண்டு நாற்காலிகள். அவருடையதில் தூசிதான் உட்கார்ந்திருக்கும். நின்றபடி டீ குடிப்பார், நடந்தபடி வரைபடம் பார்ப்பார். "என்னண்ணே இம்புட்டுப் பதட்டம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "பதட்டத்தையெல்லாம் தரையிலயே பட்டு முடிச்சிரணும் தாயி. மேல கொண்டு போனா எடை கூடிரும்" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பெரிய விளையாட்டுப் போட்டிகள் மதுரையில் நடந்த வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பல மாநிலங்களிலிருந்து அணிகள் வந்து இறங்கின. கடைசி நாள் ஹாக்கி இறுதி ஆட்டம். கோப்பை கொடுக்கத் தில்லியிலிருந்து மிகப் பெரிய விருந்தினர் வருவதாக ஏற்பாடு. அதனால் மைதானத்தைச் சுற்றிப் பெரியதொரு வட்டம் வரைந்து, குறித்த நேரத்துக்குப் பிறகு தனியார் விமானம் எதுவும் அதற்குள் பறக்கக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பு ஒன்றோடு நிற்கவில்லை. விருந்தினரின் நிகழ்ச்சி மாற மாற, தடை நேரமும் மாறியது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நான் அடித்துத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

எங்களுக்கு அதில் என்ன சிக்கல் என்றால், அந்த இறுதி ஆட்டத்தில் விளையாட இருந்தவர்களில் ஒருவர் முதலாளியின் மகன் ராஜசேகர். முதலாளிக்கோ அன்று காலையில் கோயம்புத்தூரில் தள்ளிப்போட முடியாத பேச்சுவார்த்தை. முதலாளி வீட்டு அம்மாவுக்கும் அங்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. இருவரையும் காலையில் கொண்டுபோய், தடை தொடங்கும் முன் மதுரைக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். "நடுப்பகலுக்கு முன்னாடி கெளம்பிட்டா வம்பு இல்ல" என்றார் கேப்டன். அதைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

வரைபடத்தில் நூலைப் பிடித்துப் பென்சிலால் அந்த வட்டத்தை வரைந்தார். மறுநாள் ஆலை வேனை எடுத்துக்கொண்டு, அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த செட்டிநாட்டுப் பக்கம் போனார். யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. அதன் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெயிலில் நடந்து பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது செருப்பெல்லாம் செம்மண். "ஆடு மேயுது. தரை நல்லாத்தான் கெடக்கு" என்றார். அவசரத்துக்கு அங்கே இறங்கிக்கொள்ளப் பல அலுவலகங்களில் ஏறி இறங்கி அனுமதி வாங்கினார். ஆட்டத்தன்று விடியும்போதே ஆலைக் கார் ஒன்றையும் அங்கே போய் நிற்கச் சொல்லிவிட்டார். "தேவைப்படாதுண்ணே" என்றேன். "தேவைப்படலன்னா டிரைவருக்கு ஒரு நாள் லீவுன்னு நெனச்சுக்க."

அன்று கோயம்புத்தூரில் பேச்சுவார்த்தை இழுத்தது. நடுப்பகல் தாண்டியும் அவர்கள் கிளம்பவில்லை. கேப்டன் அங்கிருந்து இரண்டு முறை அழைத்தார். "இன்னும் வரல தாயி. தடை நேரம் மாறிச்சா?" மாறவில்லை என்றேன். கடைசியில் கிளம்பிவிட்டார்கள். அப்போதும் நேரம் இருந்தது, குறைவாக. நான் விமான நிலைய வானொலி அறை வாசலில் போய் நின்றேன். அங்கிருந்த அதிகாரி நல்லவர், நிற்க விட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு தொலைபேசி வந்தது. வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வி.ஐ.பி. முன்கூட்டியே வர்றாராம்மா. இப்பவே மூடச் சொல்லிட்டாங்க." உடனே ஒலிவாங்கியை எடுத்து ஆங்கிலத்தில் கேப்டனுக்குச் சொன்னார். ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

விமானத்துக்குள் அப்போது நடந்ததை முதலாளி வீட்டு அம்மா பின்னாளில் எனக்குச் சொன்னார். வட்டத்தின் ஓரம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி முன்னால் குனிந்து, "தவசி, ஊரு கண்ணுக்குத் தெரியுதுய்யா. சேதி சரியாக் கேக்கலன்னு சொல்லிக்கலாம். எறக்கிரு" என்றாராம். கேப்டன் திரும்பிப் பார்க்காமல், "கேட்டுருச்சுங்கய்யா" என்றாராம். முதலாளி மறுபடி, "என் மகன் வெளயாடுறான்யா" என்றார். "தெரியுங்கய்யா. மாட்டேன்." தரையில் ஒரு நிமிடம் நிற்காத அந்தக் கை, அப்போது அசையாமல் இருந்தது என்று அம்மா சொன்னார்.

ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. முதலில் முறைப்படி ஆங்கிலம். பிறகு தமிழில், "மல்லிகாகிட்டச் சொல்லிருங்க. திரும்பிட்டேன். செட்டிநாட்டுக்குப் போறேன்."

வடக்கே வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் அந்த ஓடுபாதையில் பத்திரமாக இறக்கினார். காத்திருந்த காரில் முதலாளியும் அம்மாவும் மதுரைக்கு விரைந்தார்கள். ஆனால் நகருக்குள் சாலையெல்லாம் அடைத்திருந்தது. கோரிப்பாளையத்துக்கு முன்பே காரை நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்கு மருந்து விட்டிருந்த அம்மா, புடவைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு மைதானம்வரை நடந்தே போயிருக்கிறார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது.

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ரெண்டு நிமிசந்தானே தவசி. என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். "என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. தெரியாத எடத்துக்கு உங்களையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போக முடியாது" என்றார் இவர். முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நாளையிலருந்து வர வேணாம்" என்றார். கேப்டன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அன்று மட்டும் வாசல் மரத்தடியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத்தான் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

அதன்பிறகு வயல்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் விமானத்தில் வேலைக்குப் போனார். தஞ்சாவூர்ப் பக்கம், ஆந்திரா என்று சுற்றினார். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடி ஒரு டீ. "தென்னமரத்துக்கும் கீழ பறக்குறேன் தாயி, கோழியெல்லாம் சிதறி ஓடுது" என்பார். நீக்கப்பட்டதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. போன வருடம் நெஞ்சில் நோய் கண்டு படுத்துவிட்டார். அவரைப் படுக்கையில் பார்ப்பது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அவரோ, "சும்மா படுத்துருக்கேன்னா நெனச்ச? காலையிலருந்து மூணு ஊருக்கு வழி போட்டு முடிச்சிட்டேன்" என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன் நான் அவர் வீட்டில் இருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. ராஜசேகர். தந்தைக்குப் பிறகு ஆலையை இப்போது அவர்தான் நடத்துகிறார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு எத்தன கோல் போட்டீக?" என்று கேட்டார் கேப்டன்.

"ஒண்ணு. ஆனா தோத்துட்டோம்ணே."

"பேப்பர்ல பாத்தேன். தோத்தது தெரியும். கோல் போட்டது யாருன்னு போடல."

ராஜசேகர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆட்டம் முழுக்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போட்டுருந்த ரெண்டு நாற்காலியும் காலியாவே கெடந்துச்சு. உங்க மேல எனக்கு ரொம்ப நாள் கோவம். நீங்க செஞ்சது தப்புன்னு இப்பச் சொல்லமாட்டேன். ஆனா நான் போட்ட கோலை அம்மா பாத்திருக்கணும்ணே."

கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. விளக்கம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "ஆமா" என்றார். "பாத்திருக்கணும்."

பிறகு, "எப்படிப் போட்டீக? மொதல்லருந்து சொல்லுங்க" என்றார். ராஜசேகர் சொல்லத் தொடங்கினார். பந்து எங்கிருந்து வந்தது, யார் தட்டிக் கொடுத்தது, யார் குறுக்கே விழுந்தது எல்லாம். எழுந்து நின்று கையை வீசிக் காட்டினார். போர்வைக்குள் கேப்டனின் பாதங்கள் இரண்டும் அசைந்துகொண்டே இருந்தன.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது என்ன என்று செய்தி வந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'மாட்டேன்' என்று அவர் சொன்னதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இனிமேல் வருமா என்று தெரியவில்லை. நான் வைத்துக்கொள்வது அன்று அந்தக் கட்டிலில் படுத்தபடி அவர் சொன்ன 'ஆமா'வை.