பிரேக் இல்லாத சைக்கிளுக்கு ஆள் தேடிய கதை

பழைய சைக்கிள் வியாபாரத்தில் சரக்கை வாங்கும்போது நாம் ஒருவர்தான் பார்க்கிறோம். விற்கும்போது ஊரே பார்க்கிறது. என்னைப்போல் பழைய சைக்கிளோடு மல்லுக்கட்டிய புண்ணியவான்களுக்கு இந்த வேதனை புரியும். கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட் பக்கத்தில், தொழிற்பேட்டைக்கு ஒவ்வொரு கம்பெனியாக வந்துகொண்டிருந்த எழுபதுகளில், நானும் என் மனைவியின் தம்பி முனுசாமியும் கடை வைத்திருந்தோம். வாடகைக்கும் விடுவோம், பழசை வாங்கியும் விற்போம்.

பாதி சைக்கிள்

பட்டணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அதைப் பார்த்தேன். மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவதற்கென்றே செய்த ரேஸ் சைக்கிள். அந்த ஜாதியிலும் மலிவு ரகம்தான். பெயின்ட் உரிந்திருந்தது, சீட் கிழிந்திருந்தது. நான் அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. ஸ்பேனரால் பிரேமைத் தட்டினேன், கணீரென்றது. உள்ளே துரு பிடித்திருந்தால் சத்தம் அப்படி வராது. மூட்டுகளை விரலால் தடவினேன். ஒட்டுப்போட்ட இடம் ஒன்றுகூட இல்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டேன், அசங்காமல் வெகுநேரம் சுற்றியது. ஒரு கையால் தூக்கிப் பார்த்ததும் மனம் போய்விட்டது. வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன்.

அதில் பிரேக் கிடையாது. மட்கார்டு, பெல், கேரியர், ஸ்டாண்டு எதுவும் கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் கூடவே சுற்றும். நிறுத்த வேண்டுமென்றால் காலால் எதிர்த்து அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவிப் பொட்டு வைப்பதற்குள் விற்றாக வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று முனுசாமி அன்றைக்கே கெடு வைத்துவிட்டான். பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து கேட்டான்: "இன்னா மாமா, பாதி சைக்கிள வாங்கினு வந்துகீற? மீதி எந்த ரயில்ல வருது?"

மீன்கூடை

முதலில் வந்தவர் பழவேற்காட்டுப் பக்கம் மீன் வாங்கி ஊர் ஊராக விற்கிற கன்னியப்பன். பிரேமின் சத்தம், சக்கரத்தின் ஓட்டம் என்று நான் அளந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நடுவில் அவர் கை மட்டும் சீட்டுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் சைக்கிள் என்றால் முதலில் கேரியர், அப்புறம்தான் சக்கரம்.

"ஏம்பா, கூடைய எங்க வைக்கறது? என் தலமேலயா? தலமேல வெச்சிக்கினு போறதுக்கு எனக்கு எதுக்குப்பா சைக்கிளு?"

கேஸ்

நாலு பேர் கண்ணில் பட்டால்தான் விலை போகும் என்று நானே அதில் பஜாருக்குப் போனேன். திரும்பும்போது இருட்டிவிட்டது. கான்ஸ்டபிள் ஒருவர் கை காட்டினார். விளக்கில்லாமல் வந்தால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். காலால் அழுத்தி அழுத்தி, அவரைத் தாண்டித்தான் நிறுத்த முடிந்தது. டார்ச் அடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வால்டியூப் பக்கம் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"லைட் இல்ல, பெல் இல்ல, பிரேக் இல்ல. இத்தப் போய் சைக்கிள்னு கேஸ் எழுதினா ஐயா என்னத்தான் திட்டுவாரு. போய்க்கினே இரு."

உதை

ஆரம்பாக்கத்திலிருந்து வந்த ரெட்டியார் ஒருவர் ஓட்டிப் பார்க்கிறேன் என்றபோது, பெடலை விடாமல் மிதிக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். கொஞ்சம் வேகம் பிடித்ததும் எல்லோரையும் போல மிதிப்பதை நிறுத்திவிட்டு ஒய்யாரமாக உட்கார்ந்தார். பெடல் நிற்குமா? செருப்பு ஒரு பக்கம் பறந்தது, அவர் இன்னொரு பக்கம் வைக்கோல் வண்டியில் போய் விழுந்தார். நல்லவேளை, அடி இல்லை.

"நைனா, இது வண்டி இல்ல, முரட்டு மாடு. நில்லுன்னா ஒதைக்குது!"

கேட் சாத்தியிருந்தபோது

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. முனுசாமி பழைய இரும்புக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டான்.

அப்போதுதான் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் ஃபிட்டராக இருந்த சவரி வாடகைக்கு வண்டி கேட்டு வந்தான். ஆயுத பூஜையன்று கம்பெனி மைதானத்தில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் நடக்கும். கால் ஊன்றாமல் கடைசியாக வந்து சேருகிறவனுக்குப் பரிசு. போன வருஷம் முதலில் கால் ஊன்றியவன் சவரிதான். இந்த வருஷம் புதுப் பெண்டாட்டி மேரி பார்க்க வருகிறாளாம். பூஜைக்கு முந்தியே நல்ல வண்டிகளெல்லாம் வாடகைக்குப் போயிருந்தன. மிச்சம் இருந்தது என் செல்லம்தான்.

சலித்துக்கொண்டே ஏறினான். எதிரே ரயில்வே கேட் சாத்தியிருந்தது. 'ஐயையோ, பிரேக் இல்லையே' என்று நான் ஓடுவதற்குள் காலை அழுத்தி நிறுத்திவிட்டான். ஆனால் இறங்கவில்லை. பெடலை ஒரு விரற்கடை முன்னால் தள்ளுவான், ஒரு விரற்கடை பின்னால் இழுப்பான். சக்கரமும் அப்படியே முன்னும் பின்னும் அசைந்தது. கூட்ஸ் வண்டி முழுவதும் போகிறவரை கால் தரையில் படவே இல்லை. திரும்பி வந்தவனின் முகமெல்லாம் பல்.

"அண்ணே, இது ஓடறதுக்கு செஞ்ச வண்டி இல்லண்ணே. நிக்கறதுக்கு செஞ்சது!"

விசில்

ரேஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்லோ ரேஸுக்கு வந்தவனைப் பார்த்து மைதானமே சிரித்தது. முனுசாமியும் சிரித்தான். விசில் ஊதியதும் மற்றவர்கள் ஹேண்டிலை ஆட்டி ஆட்டிக் கிளம்பினார்கள். ஒருவன் சாய்ந்தான், இன்னொருவன் கால் ஊன்றினான். சவரி கிளம்பும் கோட்டிலிருந்து ஒரு முழம்கூட நகரவில்லை. சூப்பர்வைசருக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், விசில் அடிச்சாச்சு, கெளம்புய்யா!" என்றார். "கெளம்பிட்டேன் சார்!" என்றான் சவரி, அதே இடத்திலிருந்து.

பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடத்தை மேரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வண்டி தனக்குத்தான் என்று சவரி முடிவாகச் சொல்லிவிட்டான். பின்னால் உட்கார இடமில்லையே அம்மா என்று நான்தான் சங்கடப்பட்டேன். "பரவால்லண்ணா, நான் நடந்துக்கினே வரேன்" என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஊடு வரைக்கும் கால கீழ வெக்காம என் கூடவே வா, பாக்கலாம்!" வந்தான். இருவரும் ஒரே வேகத்தில் போவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முனுசாமி என் தோளைச் சுரண்டினான்.

"மாமா, இந்த மாதிரி பாதி சைக்கிளு இன்னும் ரெண்டு கெடைக்குமா?"

தட்டிப் பார்த்தும் தூக்கிப் பார்த்தும் வண்டியின் தரத்தைச் சொல்லத் தெரிந்த எனக்கு, அது எதற்கு உதவும் என்பதை மட்டும் வாங்குகிறவர்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.