ஹீட்ஸில் அவள், ஃபைனலில் நான்

நாங்கள் ஐந்து பேர். ரிலேயில் இறங்க முடிந்தவர்கள் நான்கு பேர். ப்ளஸ் ஒன் படித்தபோது மாநிலப் போட்டிக்காகச் சென்னை போன வேனில், எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டுதான் போனோம். ஆனால் மனதுக்குள் ஆளாளுக்கு ஓடியது இந்தக் கணக்குதான்.

ஏற்காட்டில் எங்கள் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு நீச்சல் குளம் இருந்தது. வருடத்தில் பாதி நாள் அதில் கால் வைக்க முடியாது, அப்படிக் குளிரும். அந்த மாதங்களில் சனி, ஞாயிறு தோறும் சேலத்துக்கு இறங்கி அங்கே பயிற்சி செய்வோம். வேன் ஓட்டியவர் என் அப்பா. அம்மா தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பி பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். அப்பா பள்ளியில் டிரைவர் என்பதால்தான் எனக்கு அங்கே இடம் கிடைத்தது. இது எல்லோருக்கும் தெரியும். சென்னை போகும்வரை யாரும் அதை என் காதுபடச் சொன்னதில்லை.

கோச் சேலத்துக்காரர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். ஸ்டாப்வாட்சை உள்ளங்கைக்குள் வைத்துப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். யாருடைய நேரம் என்ன என்று சொல்ல மாட்டார். நாங்களே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வோம். மூன்று பேருக்கு இடம் உறுதி என்பது எங்களுக்கே தெரிந்தது. நான்காவது இடம்தான் இழுபறி. ஒன்று நான், இல்லையென்றால் ஏரிக்கரை லாட்ஜ்காரர் மகள்.

அவள் என்னைவிடக் கொஞ்சம் வேகம். இதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தனியாக நீந்தினால் பத்துக்கு எட்டு தடவை அவள்தான் முதலில் சுவரைத் தொடுவாள். நாங்கள் சண்டைக்காரிகளும் இல்லை. என் நீச்சல் கண்ணாடியின் வார் அறுந்தபோது அவளுடைய பழைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது மேடத்தின் அம்மா வீட்டில் மயங்கி விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. அப்பா உடனே வேனை எடுத்துக்கொண்டு மேடத்தோடு போனார். மாடியிலிருந்து அந்த அம்மாவைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதுவரை அவரை "டிரைவர்" என்று கூப்பிட்ட மேடம், அதற்குப் பிறகு "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்தார். இதையும் ஐந்து பேரும் கவனித்தோம்.

சென்னையில் முதல் நாள் காலையில் ரிலே ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று. மேடம் லாட்ஜ்காரர் மகளை மூன்றாவதாக இறக்கினார். நான் கேலரியில் உட்கார்ந்து கத்தினேன். அணி ஃபைனலுக்குத் தேறியது. அவ்வளவுதான், நாம் துண்டு தூக்க வந்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் மேடம் எங்கள் அறைக்கு வந்தார்.

"சாயங்காலம் நீ இறங்கு கண்ணு. மூணாவது" என்றார் என்னைப் பார்த்து. பிறகு லாட்ஜ்காரர் மகளிடம் திரும்பி, "நாளைக்குக் காலையில உனக்குத் தனிப் போட்டி ஃபைனல் இருக்கில்ல. ரெஸ்ட் எடு" என்றார்.

"எனக்கு ரெஸ்ட் வேண்டாங்க மேடம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நான் கேக்கலயே. சொல்றேன்."

மேடம் போய்விட்டார். ரிலேயில் இறங்கும் மற்ற மூவரில் இன்னொருத்திக்கும் மறுநாள் தனிப் போட்டி இருந்தது. அவளுக்கு ரெஸ்ட் கிடையாதா என்று எனக்கே தோன்றியது. லாட்ஜ்காரர் மகள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"உங்கப்பா வேன நொம்ப நல்லா ஓட்டுறாருடி."

மற்ற மூவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் கீழே போனேன். அப்பா வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, மேடம்கிட்ட எதாச்சும் சொன்னீங்களா?"

"என்னத்த கண்ணு?"

"என்னய டீம்ல போடச் சொல்லி."

துணியைப் பிழிந்து கதவில் போட்டார்.

"புள்ளையப் பாத்துக்கங்கம்மான்னு ஒருக்காச் சொன்னேன். எந்த அப்பன் சொல்ல மாட்டான்?"

"எப்பச் சொன்னீங்க?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில வெச்சுத்தான். அவங்க அழுதுட்டு இருந்தாங்க. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சாமி."

பேச்சுக்குச் சொன்னதா, நேரம் பார்த்துச் சொன்னதா? அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்காக என்று வந்தால் அவர் எப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெரியாது. நேராக மேடத்தைத் தேடிப் போனேன். குளத்தின் பக்கவாட்டில் தனியாக நின்றிருந்தார்.

"நான் இறங்கலீங்க மேடம்."

"ஏன்?"

"எங்கப்பா உங்களுக்குச் செஞ்ச உதவிக்காக என்னயப் போட்டீங்கன்னு சொல்றாங்க."

"உங்கப்பாவுக்கு நன்றி சொல்லியாச்சு. அதுக்கு நீ ஏன் நீந்தோணும்?" என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். "இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சரியா?"

காலை ஹீட்ஸை அவர் படம் பிடித்திருந்தார். ரிலேயில் ஒரு விதி இருக்கிறது. நீந்தி வருபவளின் கை சுவரைத் தொட்ட பிறகுதான், குதிக்கும் மேடையில் நிற்பவளின் கால் மேடையை விட்டு எழும்ப வேண்டும். அதற்கு இமைப்பொழுது முன்னால் எழும்பினாலும் நான்கு பேரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள். லாட்ஜ்காரர் மகள் குதிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினார்.

"காலையில நடுவர் விட்டுட்டாரு. சாயங்காலம் விட மாட்டாங்க. வேகம் மட்டும் பாத்து ரிலேக்கு ஆள் எடுக்க முடியாது கண்ணு. நீ கை படறவரைக்கும் நிப்ப. அவ நிக்க மாட்டா."

"அத அவகிட்டயே சொல்லிரலாமுங்களே."

"இப்பச் சொன்னா நாளைக்குத் தனிப் போட்டியில மேடையில நின்னு யோசிப்பா. கால் கல்லாயிரும்."

நான் படத்தை உற்றுப் பார்த்தேன். அவள் கால்விரல்கள் மேடை விளிம்பில் வளைந்திருந்தன. நீந்தி வந்தவளின் கை நுரைக்குள் மறைந்திருந்தது. சுவரைத் தொட்டுவிட்டதா, இல்லையா?

"எனக்குச் சரியாத் தெரியலீங்க மேடம்."

"எனக்குத் தெரியுது" என்று போனை அணைத்தார்.

சாயங்காலம் இறங்கினேன். மேடையில் நிற்கும்போது கீழே வந்துகொண்டிருந்தவளின் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அந்தக் கை சுவரில் பட்ட சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. குதித்தேன். போகும்போது நான்காவதாக இருந்தோம், திரும்பி வந்தபோதும் நான்காவதாகவே இருந்தோம். யாரையும் முந்தவில்லை, யாரும் எங்களை முந்தவும் இல்லை. கடைசியில் நான்காவதாக முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது பலகையில் பெயர்கள் மாறின. எங்களுக்கு முன்னால் முடித்த ஓர் அணியில் ஒருத்தி சீக்கிரம் குதித்துவிட்டாளாம். அவர்களை நீக்கிவிட்டார்கள். எங்களுக்கு வெண்கலம்.

மேடம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். 'பார்த்தாயா' என்று கேட்ட மாதிரி இருந்தது. கேலரியில் லாட்ஜ்காரர் மகள் கை தட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது எங்களை அல்ல, மேடத்தை.

மறுநாள் தனிப் போட்டியில் அவள் வெள்ளி வாங்கினாள். அதுவரை அவள் அப்படி நீந்தி நான் பார்த்ததில்லை. மேடம் அவளிடம் சொல்லாமல் விட்டதால் வந்த வெள்ளியா, கோபத்தில் வந்த வெள்ளியா? ரிலேயில் அவளைப் போட்டிருந்தால் யாரையும் நீக்காமலே பதக்கம் வந்திருக்கும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்றார்கள் மற்ற மூவரும்.

மலைக்குத் திரும்பிய வாரமே, என் அப்பாவுக்காகத்தான் என்னை இறக்கினார்கள் என்று புகார் சொல்ல அவளுடைய அம்மா பிரின்சிபால் அறைக்கு வந்தார். மேடம் அங்கேயும் "ரெஸ்ட் கொடுத்தேனுங்க" என்ற ஒரே பதிலைத்தான் சொன்னாராம். மாத முடிவில் அப்பாவை எங்கள் வேனிலிருந்து மாற்றி, குப்பனூர் வழியாகப் பள்ளிக்குக் காய்கறி ஏற்றி வரும் வண்டிக்குப் போட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. "வண்டின்னா எல்லாம் வண்டிதானே" என்றார் அப்பா. அம்மாதான் வீட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "ஒரு உசுரத் தூக்கிட்டுப் போனதுக்கு இதுதானுங்களா கெடைக்கறது?"

அடுத்த வருடம் மேடம் வரவில்லை. புதிதாக ஒருவர் வந்தார். அதற்கும் யாரும் காரணம் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தாலும் என்ன சொல்வது? நுரைதான் தெரிந்தது என்றா?

போன கோடையில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் லாட்ஜ்காரர் மகளைப் பார்த்தேன். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள், அங்கே இன்னும் நீந்துகிறாள். சேலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். இருவரும் டீ வாங்கிக்கொண்டோம். பாதி டம்ளர் குடித்திருப்போம்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. உங்கப்பா கேட்டாரா?"

சொன்னேன். அப்பா பேச்சுக்குச் சொன்னது, மேடம் காட்டிய படம், யாரிடமும் சொல்லக் கூடாது என்றது, எல்லாவற்றையும்.

"என் கால் எந்திரிக்கல" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனா தண்ணியில விழுந்து தல தூக்கறப்ப நடுவர் என் பக்கமே பாத்துட்டு நின்னாரு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீ சொன்னியா?"

மிச்ச டீயை அவள் கீழே ஊற்றினாள்.

"எனக்கு ரெஸ்ட்டுன்னு ஒரு காரணம். உனக்குக் காலுன்னு ஒரு காரணம். எங்கம்மாவுக்கு உங்கப்பான்னு ஒரு காரணம். இதுல எதுடி நெசம்?"

என்னிடம் மேடத்தின் நம்பர் இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஜன்னலோரம் இடம் பிடித்தாள். அதன் பிறகு தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினாள், பொங்கலுக்கும் அனுப்பினாள். மேடத்தைக் கூப்பிட்டாளா, கூப்பிட்டிருந்தால் அவர் என்ன சொன்னார் என்று அவள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.