மாமியார் குடிவந்த வீடு

தெருவில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதை வைத்துக் கடை அவருடையது என்று நினைத்துவிட வேண்டாம். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற கடையில் அவர் தினக்கூலி. வேலைக்குப் போனால் காசு, போகாவிட்டால் இல்லை. மனைவிக்கு மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. இருவரும் குடியிருந்தது மாடியில் ஓர் அறை. அதை ஒட்டி ஒரு சமையலறை; அதற்குள் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியில் காத்திருக்க வேண்டும். குளியலறை பக்கத்து வீட்டோடு பொது.

இரண்டு பேர் சம்பாதித்தும் மாதக் கடைசி வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கழிந்தது. அந்த வருஷம் கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா வாடகையை மறுபடியும் ஏற்றினார். அதே வாரத்தில், நாலு தெரு தள்ளித் தனி அறையில் இருந்த மாமியாருக்கும் வாடகை ஏறியது. அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவர். விடியுமுன் போய் மூன்று மணிக்குத் திரும்புவார்.

மனைவிதான் பேச்சை எடுத்தாள்.

"அம்மா அங்க ஒரு வாடகை கட்டுறாங்க, நாம இங்க ஒரு வாடகை கட்டுறோம். மூணு பேருக்கு எதுக்குங்க ரெண்டு வீடு?"

"ஒரே ரூம்ல மாமியாரோடயா? கால் நீட்டி உக்காரணும்னாகூட நான் யோசிக்கணுமே."

"யோசிச்சே உக்காருங்க. அந்தக் கால்ல தினமும் தடுக்கி விழுறவ நான்தானே."

வேறு வழி இல்லாததால் சம்மதித்தார். எங்கோ ஓர் அலுவலகத்தில் பிரித்துப்போட்ட மரச்சட்டம் ஒன்று கடையில் கிடந்தது. உள்ளே இருப்பவர் தெரியாத மங்கல் கண்ணாடி பதித்தது. முதலாளியிடம் கேட்டார். "எடுத்துட்டுப் போப்பா, இடமாவது மிஞ்சும்" என்றார் அவர். அதை அறையின் குறுக்கே நிறுத்தி இரண்டாகப் பிரித்தார். ஒரே விளக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் தந்தது.

மாமியார் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மெத்தையும் ஒரு மின்விசிறியுமாக வந்து சேர்ந்தார். கூச்சத்தில் மருமகனுக்கு அவர் சளைத்தவர் இல்லை. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் நேரே பேச மாட்டார்.

"மாப்பிள்ளைக்கு டீ வேணுமான்னு கேளும்மா."

"வேணும்னு சொல்லு" என்பார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்படியே எட்டு மாதம் ஓடியது. கடைசி வாரத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டிய தேவை மெல்லக் குறைந்தது. அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள இவருக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒருநாள், கடையில் பெரிய கண்ணாடி ஒன்றைத் தூக்கும்போது அது நழுவி இடதுகைக் கட்டைவிரலின் அடியைக் கிழித்துவிட்டது. நரம்பில் தையல். மருத்துவச் செலவை முதலாளி பார்த்துக்கொண்டார். ஆனால் ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரக் கூலி போயிற்று.

மனைவி வீடு திரும்ப ஏழு மணி ஆகும். மூன்றிலிருந்து ஏழு வரை மருமகனும் மாமியாரும் மட்டும், நடுவில் தபால்காரி இல்லாமல். முதல் நாள் தடுப்புக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். டீத்தூள் டப்பாவைத் தொடை இடுக்கில் வைத்து மூடியைப் பல்லால் நெம்பிக்கொண்டிருந்தார் இவர். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த மாமியார், சொல்ல ஆளில்லை என்பது உறைத்து நிறுத்தினார். பிறகு எழுந்து நேராகவே வந்தார். "இப்படிக் கொடுங்க மாப்பிள்ளை. பல்லையும் உடைச்சுக்கிட்டா அதுக்கு வேற ஆறு வாரம் ஆகும்."

இவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து குளிக்கப் போகும்முன் கட்டு நனையாமல் பிளாஸ்டிக் உறை சுற்றிவிடுவதும், சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் மாமியார்தான். மாமியார் மடித்துத் தந்த, மடிப்புக் கலையாத சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கும் போக இடமில்லையே என்று இவர் வருத்தப்பட்டார்.

மாதம் பிறந்தது. வாடகைக்குத் தவணை கேட்க இவர் கீழே இறங்கினார். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒவ்வொரு படியிலும் ஒத்திகை பார்த்தார். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்ததும், "கை எப்படியிருக்கு?" என்றார்.

"பரவாயில்லைங்க. இந்த மாச வாடகை விஷயமா..."

"அதான் காலையிலேயே உங்க அத்தை கொடுத்துட்டாங்களே. நீங்க கொடுக்கச் சொன்னதாச் சொன்னாங்க. ரசீதுகூட உங்க பேருக்குத்தான் போட்டேன்."

இவர் மேலே வந்தார். மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை" என்றார். அப்படி நேரே கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. "நான் எதுவும் சொல்லலியே அத்தை."

"சொல்லியிருப்பீங்க, எனக்குத் தெரியாதா?" அவர் தலை நிமிரவில்லை. "தனியா இருந்தப்ப என் சம்பளத்துல பாதி நாலு சுவத்துக்கே போச்சு. இங்க வந்தப்புறம்தான் கையில ஏதோ மிஞ்சுது. இந்த வீட்டுல மிஞ்சினது இந்த வீட்டுக்கே போகட்டும். போய்க் கையைத் தொங்கப்போடாம உக்காருங்க, வீங்கிக்கும்."

இவர் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை வருவதற்கா அவ்வளவு யோசித்தோம் என்று தன்மேலேயே இவருக்கு வெட்கமாக இருந்தது.

கை ஆறியது. அடுத்த மாத வாடகையும் மாமியார் கையிலிருந்தே போயிற்று, இந்தத் தடவை இவரும் சேர்ந்து இறங்கிப்போய்க் கொடுத்தார். மறுவருஷம், கொஞ்சம் அதிக வாடகைக்கு இரண்டு அறை உள்ள வீடு காலியாக இருப்பதாகத் தெரிந்தது. "நீங்க ரெண்டு பேரும் அங்க போங்க, எனக்கு எங்கயாவது ஒரு சின்ன ரூம் பாத்துக்கறேன்" என்று மாமியார் ஆரம்பித்தார். இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மருத்துவமனைப் பக்கம் போகும் முதல் பஸ் அங்கிருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

புது வீட்டுக்காரர் கேட்டார்: "எத்தனை பேர் இருப்பீங்க?"

"மூணு பேருங்க. நான், வீட்டுக்காரி, அத்தை."

"அத்தை அப்பப்ப வந்து போவாங்களா?"

"இல்லைங்க. நாங்கதான் அவங்க கூட இருக்கோம்."

வீட்டைப் பார்க்க மாமியாரைக் கூட்டிப்போனபோது, எந்த அறை வேண்டுமென்று அவரையே முதலில் கேட்டார். அவர் இரண்டிலும் போய் நின்று பார்த்துவிட்டு, மதிய வெயில் படாத அறையை எடுத்துக்கொண்டார். சிறியதுதான். ஆனால் கதவு இருந்தது. அதை இரண்டு முறை மூடித் திறந்து பார்த்துக்கொண்டார்.