ஆடியில் அனுப்பியவன்

அமெரிக்காவிலிருந்த அக்கா எனக்கும் தம்பிக்கும் குடியேற்ற விசாவுக்கு மனுப் போடச் சான்றிதழ்களைக் கேட்டாள். ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாதென்று நான் என் சான்றிதழ்களை ஆவணியில் அனுப்பினேன். தம்பி ஆடியிலேயே அனுப்பிவிட்டான்.

மனு பதிவான தேதி வரிசைப்படிதான் அழைப்பார்கள். வரிசை எதுவரை வந்திருக்கிறதென்று பல வருடங்களாக அக்கா எங்கள் பனியன் கம்பெனிக்குப் போன் செய்து மாதந்தோறும் சொல்வாள். ஒரு மாதம் அது தம்பியின் தேதியைத் தாண்டி, என்னுடையதைத் தொடாமல் நின்றது.

அவனுக்கு விசா வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

கட்டிங் டேபிளில் சாய்ந்துகொண்டு, "கெளம்பறதுக்கு ஒரு நல்ல நாளு பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றான்.

"உனக்குத்தான் ஆடி ராசியாச்சே. அதுலயே போ!" என்றேன்.

"அதுவும் சரித்தானுங்கண்ணா" என்று சிரித்தவன், ஆடியிலேயே டிக்கெட் எடுத்தான். அந்த ஆவணியிலும் என் தேதி வரவில்லை.