பனெத்தோனே பெட்டிக்குள் பன்னிரண்டு மாடுகள்

காலை எட்டு இருபதுக்கு, பொலிதேயாமா தரிப்பில், பஸ் கதவு மூடியது. பன்னிரண்டு மாடுகளும் ஒரு ரயிலும் உள்ளேயே போய்விட்டன. இப்போதும் அந்தக் கதவுச் சத்தம் கேட்டால் என் கை இருக்கையைத் தடவும்.

அன்று ஒன்பது மணிக்கு மகளுக்கு எட்டாம் வகுப்பு வாய்மொழிச் சோதனை. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் மாடுகளை நடத்திச் சென்றதும், பிறகு ரயிலேற்றியதும்தான் தலைப்பு. ஆசிரியர்கள் முன்னால் அவளுக்கு நா எழாது. கையில் ஏதாவது இருந்தால் பேசுவாள். ஆகவே சப்பாத்துப் பெட்டிகளை வெட்டி ரயில் செய்தோம். மாடுகளுக்கு எங்கே போவது? எங்கள் கோயில் சனத்தில், இயேசு பிறப்பைப் பொம்மைகளால் காட்டும் நத்தார் குடில் இல்லாத வீடில்லை. ஆனால் குடிலுக்கு ஒரு மாடுதான். பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினேன். மாறிப்போகாதிருக்க ஒவ்வொருவரும் மாட்டின் வயிற்றில் நகப்பூச்சால் ஓர் அடையாளம் வைத்துத் தந்தார்கள்.

"அங்கையும் இப்பிடித்தான் அப்பா, குறி சுட்டுத்தான் விடுவினம்!" என்று மகள் துள்ளினாள்.

எல்லாவற்றையும் பனெத்தோனே என்ற இத்தாலிய நத்தார் கேக் வந்த பழைய பெட்டிக்குள் அடுக்கினோம்.

பஸ்ஸில் அவளைவிட நான்தான் பதகளித்தேன்.

"ரயில் வர முதல்?"

"மாதக்கணக்கா நடத்துவினம். பழகின மாடு ஒண்டு முன்னுக்குப் போனால் மற்றதுகள் பின்னாலை வரும்."

"ரயிலுக்குள்ளை மாடு விழுந்தால்?"

"ரயில் நிக்கிற இடத்திலை தடியாலை குத்தி எழுப்புவினம். போதும் அப்பா, இறங்குவம்!"

இறங்கினோம். கையில் அவளுடைய கொப்பி இருந்தது, பெட்டி இல்லை.

அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ்ஸின் பின்னால் ஓடினேன். என்ன தொலைந்தது என்று மரக்கறிக் கடைக்காரர் கேட்டார். மாடுகள் என்றேன். எத்தனை என்றார். பன்னிரண்டு என்றதும் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் கவனமாகப் பார்த்தார்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்க, வெறுங்கையோடு பள்ளி வாசலுக்கு வந்தேன். "படம் கீறிக் காட்டுறன் அப்பா," என்று மகள் எனக்குத் தைரியம் சொன்னாள்.

அப்போதுதான் ஆனி மாத வெயிலில், தெரு முனையில், ஒரு நத்தார் கேக் பெட்டி ஓடி வந்தது. அதன் பின்னால் எங்கள் கோயிலில் பாடும் மன்னார் அக்கா. சிஞோறா என்று அழைக்கும் முதலாளியம்மா வீட்டு வேலைக்குப் போக அடுத்த தரிப்பில் அதே பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் தான் வைத்த சிவப்புப் புள்ளியைக் கண்டிருக்கிறார்.

"தம்பி, என்ரை மாட்டை மட்டும் கூட்டிக்கொண்டு இறங்கத்தான் பாத்தனான்," என்றார், மூச்சு வாங்க. "மற்றதுகளும் பின்னாலை வந்திட்டுதுகள்."