காது நனைந்த கோடை

அந்தக் கோடையில் அவருடைய சைக்கிள் கடையில் ஒரு வண்டிக்கும் பெல் கிடையாது. பழுது பார்க்க வண்டி வந்ததும் முதல் வேலையாக பெல்லைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். வேலை முடிந்ததும் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே நின்றுதான் மறுபடி மாட்டிக் கொடுப்பார்.

"என்னண்ணே, உங்ககிட்ட வந்தா வண்டிகூட ஊமையாயிடுது?" என்று வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள்.

"வீட்டுல ஆள் தூங்குது" என்பார்.

பொய். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் அவர் மனைவி கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். எந்த மணிச் சத்தம் கேட்டாலும் அவள் கை நடுங்கியது. வாசல் மணியின் ஒயரை அவர் பிடுங்கிவிட்டார். கைப்பேசியைத் தலையணைக்கடியில் புதைத்துவிட்டார். மீதி இருந்தது சைக்கிள் பெல்தான். அந்த மனிதருக்கு வேறு வைத்தியம் தெரியவில்லை.

அவள் இருபத்திரண்டு வருடமாகக் குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுப்பவள். ஊருக்கு அவள் 'புகார் அக்கா'. குழாயில் தண்ணீர் வராத வீடுகளெல்லாம் அவள் காதில்தான் வந்து கத்தும். ரிசீவரை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பெயர், தெரு, வீட்டு எண் எழுதிக்கொள்வாள். திட்டுகளை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள். "பாவம், குளிக்காம இருக்கான், திட்டத்தான் செய்வான்" என்பாள்.

திட்டியவர்களால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டாத ஒருவர்தான் அவளை உடைத்துப் போட்டார்.

கோடையின் தொடக்கத்தில் பெரிய குழாய் ஒன்று வெடித்தது. அப்போது ஒரு வயதான குரல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. "வீட்டுக்காரி படுக்கையில இருக்காம்மா. துடைச்சு விடணும். தண்ணி வந்துடுமா?" பொறியாளர் சொல்லச் சொன்னதை அவள் சொன்னாள்: "ஒரு மணி நேரத்துல வந்துடும் ஐயா." "நீங்க சொன்னா சரிம்மா" என்று அவர் வைத்துவிடுவார். இரண்டு நாளில் பத்தொன்பது முறை. பத்தொன்பது முறையும் அதே பதில்; பத்தொன்பது முறையும் அவர் நம்பினார்.

மூன்றாம் நாள் அந்தக் குரல் வரவில்லை.

அந்த மௌனம் அவளுக்குள் ஈயக் குண்டாக இறங்கியது. அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ! கூப்பிட்டுக் கேட்க நினைத்தாள். எண் மனப்பாடமாகவே இருந்தது. விரல் வரவில்லை. மறு வாரம் தொலைபேசி ஒலித்தபோது நெஞ்சு அடைத்து, நாற்காலியோடு சாய்ந்தாள்.

மருத்துவர் இரண்டு மாத விடுப்பும் மாத்திரையும் கொடுத்தார். வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதீங்க. காலை வெயில்ல நடங்க. தண்ணி பிடிக்கும்னா தண்ணியில இறங்குங்க."

தண்ணீரா! அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அழுகை வந்தது.

இரண்டு வாரம் கழித்து நாத்தனார் வந்து நின்றாள். பள்ளிக்கூட ஆசிரியை, கோடை விடுமுறை, வாய் கொஞ்சம் அதிகம்.

"அண்ணி, கிளம்புங்க. நீச்சல் குளத்துல காலைல ஏழுலேர்ந்து ஒன்பது வரைக்கும் பெண்களுக்கு மட்டும்."

"எனக்கு நீந்தத் தெரியாதுடி."

"எனக்கு மட்டும் தெரியுமா? ரெண்டு பேரும் சேர்ந்து முழுகுவோம். அண்ணன் ரெண்டு பேரையும் டியூப் போட்டுத் தூக்கட்டும்."

குளத்தில் சொல்லிக் கொடுப்பவளுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். கழுத்தில் விசில் தொங்கியதால் அவள் பெயரே 'விசில்'. முதல் நாள் புகார் அக்கா விசிலைப் பார்த்த பார்வையிலேயே அவள் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து கை தட்டித்தான் கூப்பிட்டாள்.

மல்லாந்து மிதப்பதுதான் முதல் பாடம். நாத்தனார் இரண்டே நாளில் பலகைபோல் மிதந்தாள். அக்கா மட்டும் இடது பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்து, மூக்கில் தண்ணீர் ஏறி எழுந்து நின்றாள். ஆறாம் நாள்தான் விசில் காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

"அக்கா, இடது தோளை ஏன் காதுக்குத் தூக்குறீங்க? தண்ணிக்குள்ளயுமா போன் எடுப்பீங்க?"

இருபத்திரண்டு வருடம் ரிசீவர் இடுக்கிய தோள்! வீட்டில், தூக்கத்தில்கூட அது இறங்கியதில்லை. விசில் அந்தத் தோளைத் தன் உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாள். "வச்சிடுங்க அக்கா. போனை வச்சிடுங்க."

தோள் இறங்கியது. தலை பின்னால் சாய்ந்தது. இரண்டு காதும் தண்ணீருக்குள் போயின.

உலகம் நின்றது. மணி இல்லை, கத்தல் இல்லை, "வந்துடுமா" இல்லை. தன் மூச்சு மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. மேலே வெயில் இமைகளைத் தொட்டது. அவள் கண்ணிலிருந்து வழிந்தது குளத்துத் தண்ணீரோடு கலந்தது, யாருக்கும் தெரியவில்லை.

அன்று மதியம் அவள் நாற்காலியிலேயே குறட்டை விட்டுத் தூங்கினாள். எட்டிப் பார்த்த கணவர் கடைக் கதவை இழுத்துச் சாத்தி, கிரீஸ் கையோடு படியில் உட்கார்ந்து அழுதார். முகமெல்லாம் கறுப்பு. மாலையில் தங்கை பார்த்துவிட்டு, "என்னண்ணா, செயினுக்கு எண்ணெய் போட்டீங்களா, மூஞ்சிக்குப் போட்டீங்களா?" என்றாள்.

வாரங்கள் போயின. தூக்கம் வந்தது, பசி வந்தது, நாத்தனாரோடு சண்டை போடும் தெம்பும் வந்தது. தொலைபேசி பயம் மட்டும் போகவில்லை. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். முடியாது என்று ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை, குளத்திலிருந்து நேராக அலுவலகத்தில் கொடுப்பதாகச் சொல்லிப் பையில் வைத்துக்கொண்டாள். கணவர் அவள் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தார்.

அன்று குளத்தின் நுழைவுச் சீட்டு அறையில் ஆள் இல்லை. சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி அலறியது. விசில் ஆழத்தில் ஒரு பருத்த அம்மாளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். "யாராவது எடுங்களேன்! நான் விட்டா இவங்க போயிடுவாங்க!"

அக்கா அப்போதுதான் மிதந்துவிட்டுக் கரையேறியிருந்தாள். காதில் இன்னும் தண்ணீர். மணி எங்கோ தூரத்தில் கேட்டது. யோசிப்பதற்குள் கை எடுத்துவிட்டது.

"வணக்கம், புகார்ப் பிரிவு. பேர், தெரு, வீட்டு நம்பர் சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு ஆண் குரல் திகைத்தது. "ஏங்க, என் வீட்டுக்காரி நீந்த வந்தாளே, வீட்டுச் சாவி எங்க வச்சான்னு கேட்கணும். அதுக்குமா நம்பர்?"

குளமே சிரித்தது. சாவி பாத்ரூம் ஜன்னலில் இருந்தது. அவள் ரிசீவரை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை. நடுங்குவதற்குள், மனப்பாடமாயிருந்த அந்தப் பெரியவரின் எண்ணை அழுத்தினாள்.

"யாரு?" அதே குரல்!

"ஐயா... குடிநீர் அலுவலகத்துலேர்ந்து. அன்னைக்கு ஒரு மணி நேரம்னு..."

"அட, நீங்களாம்மா! நல்லா இருக்கீங்களா?"

"தண்ணி... அம்மா எப்படி இருக்காங்க?"

"தண்ணி மூணாம் நாள் காலைலயே வந்துடுச்சே! அவ நல்லா இருக்கா, இதோ என்னைத் திட்டிக்கிட்டிருக்கா. தண்ணி வந்துட்டா அப்புறம் எதுக்கும்மா உங்களைக் கூப்பிடணும்?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் 'வந்துவிட்டது' என்று சொல்ல ஒருவரும் அவளைக் கூப்பிட்டதில்லை. சத்தம் நின்றுபோன எத்தனை வீடுகளில் குழாய் திறந்து வாளி நிரம்பிக்கொண்டிருந்ததோ! அவள் அழுத அழுகையில் நாத்தனார் பதறிக் குளத்திலிருந்து ஓடிவந்தாள். "அண்ணி, யாருக்கு என்ன?"

"தண்ணி வந்துடுச்சாம்டி!"

"குளத்துல நின்னுக்கிட்டு இதைச் சொல்ல அழணுமா?"

திங்கட்கிழமை காலை கணவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, இருந்ததிலேயே பெரிய பெல்லை அவள் சைக்கிளில் மாட்டினார். அவள் தெருமுனை வரை அதை அடித்துக்கொண்டே போனாள். பையில் இருந்த ராஜினாமாக் கடிதத்தை அவள் கொடுக்கவே இல்லை. முதலில் குளம், பிறகு அலுவலகம். மருத்துவரும் அப்படியே தொடரச் சொல்லியிருந்தார்.

ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம் தொலைபேசி அடித்தது. தோளை இறக்கிவிட்டு, ரிசீவரைக் கையால் எடுத்தாள்.

"நாலு நாளா தண்ணி இல்ல! மனுஷங்களா நீங்க?"

"பேர், தெரு, வீட்டு நம்பர் சொல்லுங்க." எழுதி முடித்துவிட்டுச் சொன்னாள்: "வந்ததும் ஒரு போன் பண்ணி வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க."

"வந்தா எதுக்குச் சொல்லணும்?"

"சும்மாதான். குளிச்சு முடிச்சிட்டே பண்ணுங்க, நான் இங்கதான் இருப்பேன்."