பெரிய கப்பலில் பேர் கூப்பிட மாட்டார்கள்

காலை 9.10, தாம்பரம்

கப்பல் பயணம் என்றால் துறைமுகத்தில்தானே தொடங்க வேண்டும்? எங்களுடையது தாம்பரம் ரயில் நிலையத்தில், டிக்கெட் வரிசையில் தொடங்கியது. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள். விடிந்ததிலிருந்து வெயிலே இல்லை, நடைமேடை விளக்குகளை இன்னும் அணைக்காமல் வைத்திருந்தார்கள். குரோம்பேட்டைக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய். நான்கு கிலோமீட்டர்தான், பஸ்ஸிலும் போகலாம். ஆனால் பஸ்ஸில் ஏற்றினால் இவர் நடுவில் இறங்கித் திரும்பிவிடுவார் என்று எனக்குப் பயம். ரயிலில் இடையில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். வங்கி வேலையிலிருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர். நான் ரோஸ்லின், சேலையூரில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இவர் ஒரு தடவைகூடக் கடலில் கால் நனைத்ததில்லை. பிள்ளைகளை பெசன்ட் நகருக்கு நான்தான் கூட்டிப்போவேன். இவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஜ்ஜிக் கடை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

காரணம் எனக்குத் தெரியும். இவருடைய அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். இவருக்கு ஒன்பது வயதில், கொழும்பிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கப்பலில் ஒரு சாயங்காலம் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா பேரைக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. விழுந்தாரா, குதித்தாரா, ஒருவருக்கும் தெரியாது. உடம்பும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவத்தி ஏற்றும்போது எங்களுக்கு மட்டும் ஏற்ற இடம் கிடையாது.

அப்படிப்பட்ட மனுஷன், ஓய்வு பெற்ற மறுநாள் காப்பி குடித்துக்கொண்டே, "அந்தப் பக்கமா கப்பல்ல ஒரு தடவை போய்ட்டு வந்துடலாமா?" என்றார். எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. இப்போது விட்டால் இனி அந்த வார்த்தை இவர் வாயிலிருந்து வராது. எந்தக் கப்பல் என்பதை ஒரே நாளில் முடிவு செய்து, சீட்டைப் போட்டுவிட வேண்டும் என்றுதான், பள்ளிக்கு லீவு விட்டதும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை 9.40, குரோம்பேட்டை

பயண ஏஜென்சி ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில். தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழப் போனது. சத்தம் மட்டும்தான் கேட்டது, மேகத்தில் ஆளைக் காணோம். பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போன பெண் எங்களை பெஞ்சில் உட்காரச் சொன்னாள். ஏழெட்டுப் பேர் காத்திருந்தோம்.

"அருளப்பன் சார்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

யாரும் எழவில்லை.

"அருளப்பன் சார் இருக்காரா?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் திரும்பினேன். இவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அருளப்பன் என்பது என் மாமனார் பேர்.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு, "வரலை போல, அடுத்தவங்களக் கூப்பிடு" என்றது அந்தக் குரல்.

நான் எழுந்து உள்ளே ஓடினேன். காவ்யா என்று பேர் அட்டை மாட்டிய அந்தப் பெண் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் காட்டினாள். "மேம், சர்நேம் அருளப்பன்னுதானே இருக்கு? கிவன் நேம் ஜெயராஜ். சிஸ்டம் சர்நேமைத்தான் எடுக்கும்."

நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? அப்பா பேரின் முதல் எழுத்தைத் தலையில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். பாஸ்போர்ட் என்று வரும்போது அந்த ஒற்றை எழுத்தை விரித்து, காலியாக இருக்கும் கட்டத்தில் அப்பாவை உட்கார வைத்துவிடுகிறோம். கப்பல்காரர்களுக்கு அந்தக் கட்டத்தில் இருப்பதுதான் ஆள். என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இவர் இருக்கிறார். ஆக, கம்ப்யூட்டர் கணக்கில் பயணம் போகப்போவது திருமதி ஜெயராஜும் திரு. அருளப்பனும்.

காவ்யா இரண்டு கப்பலையும் விளக்கினாள். பெரியதில் பன்னிரண்டு மாடி, இரண்டாயிரம் பேர். சென்னையிலிருந்து திருகோணமலை போய்த் திரும்ப நான்கு இரவு. ஜன்னல் இல்லாத அறை இருவருக்கு அறுபத்திரண்டாயிரம், பால்கனி வைத்தது தொண்ணூற்றெட்டாயிரம். நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, டாக்டர், எந்நேரமும் சாப்பாடு. சின்னதில் மொத்தமே முப்பத்தாறு அறை, எல்லாவற்றுக்கும் ஜன்னல் உண்டு, இருவருக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதே ஊர், அதே நான்கு இரவு. "ஆனா மேம், இந்த சீசன்ல சின்னது கொஞ்சம் ஆடும். பெருசுல ஷிப்புல இருக்கோம்ங்கிறதே தெரியாது."

"பெருசு" என்றார் இவர், வாசலில் நின்றபடியே.

இரண்டுக்கும் படிவத்தை அச்செடுத்து வாங்கிக்கொண்டேன். போய் வந்தவர்களிடம் கேட்காமல் நான் ஒரு குக்கர்கூட வாங்குகிறவள் இல்லை.

காலை 11.15, ஆட்டோ

வண்டலூருக்குப் பத்து கிலோமீட்டர், இருநூற்றெண்பது ரூபாய். மழை பிடித்துக்கொண்டது. கடைகளின் காகித நட்சத்திரங்கள் நனைந்து, சாயம் இறங்கித் தொங்கின. நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டே வந்த டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா சார், கப்பலுக்கா? காசு குடுத்துக் கடலுக்குப் போணுமா? இர்ங்க, இன்னும் ஒரு மணி நேரம் பேஞ்சா இந்த ரோட்லயே வுடலாம் கப்பலு. ஒரே பேஜார் சார் இது."

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. பெருங்களத்தூர் தாண்டி, "மூணு தடவை கூப்ட்டாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார். "அன்னிக்கும் மூணு தடவைதான் கூப்ட்டாங்களாம். லெட்டர்ல போட்டிருந்தது."

மதியம் 12.00, வண்டலூர்

என்னோடு வேலை பார்க்கும் விமலா டீச்சர் போன வருஷம் கணவரோடு இதே பெரிய கப்பலில் போனவள். அவள் வீடு நாலாவது மாடி, பால்கனிக்கு எதிரே மிருகக்காட்சிசாலையின் காடு. நாங்கள் உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு உறுமல் வந்தது. நாற்காலியின் கை என் விரலுக்கடியில் அதிர்ந்தது.

"சிங்கம்தான். மழைன்னா பகல்லயே ஆரம்பிச்சிடும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு லெமன் சாதம் வைத்தாள்.

பெரிய கப்பலைப் பற்றி அவளுக்குக் குறையே இல்லை. சைவச் சாப்பாடு தனி, லிஃப்ட் எட்டு, ஆட்டமே தெரியாது. "நாலு நாள் ஒருத்தர்கூட என் பேரைக் கேக்கலைடி. ஒரு கார்டு குடுப்பாங்க. ஏறும்போது டிங், இறங்கும்போது டிங். எல்லாரும் ஏறிட்டாங்களான்னு மெஷினே சொல்லிடும், கிளம்பிடுவாங்க. நிம்மதி!"

இவர் முகம் தெளிந்தது. பேர் கூப்பிட மாட்டார்கள் என்றதும் கை தானாகச் சாதத்தைப் பிசைந்தது.

விமலா குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணுதான். ரூம்ல டி.வி. ஆன் பண்ணா, ‘வெல்கம் மிஸ்டர் வெங்கடேசன்’னு வரும். எங்க மாமனார் பேரு. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. முதல் நாள் சிரிச்சோம். ரெண்டாம் நாள், ஆஃப் பண்ணிட்டுக் குளிக்கப் போனா, திரும்பி வரும்போது ஆன்ல இருக்கு. வெல்கம் மிஸ்டர் வெங்கடேசன். எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணினார் தெரியுமா? கட்டில்ல ஒரு பக்கமாத் தள்ளிப் படுத்துக்கிட்டார். ஒரு ஆளுக்கு இடம் விட்டு."

"அப்புறம்?"

"டி.வி. மேல துண்டைப் போட்டு மூடிட்டேன்."

எதிரே காடு இருட்டிக்கொண்டு நின்றது. பிசைந்த சாதத்தை இவர் பிறகு தொடவில்லை.

பிற்பகல் 2.40, பொத்தேரி

வண்டலூரிலிருந்து ரயில், மறுபடியும் ஐந்து ரூபாய். கல்லூரி விடுமுறையில் பொத்தேரியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஹாஸ்டல் ஜன்னல்கள் வரிசை வரிசையாக மூடிக் கிடந்தன, மறந்துபோன பனியன் ஒன்று கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறார் தாமஸ் அண்ணன். எங்கள் சபைக்காரர், ராயபுரத்தில் பிறந்தவர், பெரிய கப்பலிலும் சின்னக் கப்பலிலுமாகப் பத்தொன்பது வருஷம் சாப்பாட்டறையில் வேலை பார்த்தவர்.

கதவைத் தள்ளினால் உள்ளே ஒரு ஆள்கூட இல்லை. ஆனால் நாற்பது இடத்தில் தட்டு, டம்ளர், முக்கோணமாக மடித்த காகிதத் துண்டு.

"யாருக்குண்ணா?" என்றேன்.

"யாருக்கும் இல்ல டீச்சரம்மா. பசங்க ஊருக்குப் பூட்டானுங்க. மணியானா வெக்காம இருக்க முடில. குந்துங்க."

எந்தக் கப்பல் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஜாலிக்கா, பெருசு. கடலைப் பாக்கணுமா, சின்னது. பெருசுல கடல் கீழ எங்கியோ கீது. சின்னதுல கை நீட்டுனா கீது. ஆடும், ஒரு நாள் வாந்தி வரும், அவ்ளோதான். கேப்டன் உங்க கூடவே குந்தி சாப்டுவாரு."

"ஆளுங்களை எப்படி எண்ணுவாங்க?" இது இவர் கேட்டது. காலையிலிருந்து கப்பலைப் பற்றி இவர் கேட்ட முதல் கேள்வி.

"நான் இருந்த சின்னக் கப்பல்ல மெஷின் கிடையாது சார். கரைக்குப் போய்ட்டு வந்தா, ஒரு ஆள் லிஸ்டை வெச்சிகினு பேர் பேரா கூப்டுவான். குரல் குடுக்கணும். குரல் வராம கப்பல் நவுராது. கேப்டனே சொன்னாலும் நவுராது."

சொல்லிக்கொண்டே, மேசைமேல் நான் வைத்திருந்த படிவத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். எப்படிக் கூப்பிடுவார்கள் என்று காட்டத்தான் செய்தார், பாவம், அவருக்கு எங்கள் கதை தெரியாது. எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, காலி மேசைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஜெயராஜ், மிஸஸ்!"

"இருக்கேன்" என்றேன், வகுப்புப் பிள்ளை மாதிரி.

"அருளப்பன், மிஸ்டர்!"

தகரக் கூரையில் மழை.

"அருளப்பன்!"

இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளுவது கேட்டது. போய்விடப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தாமஸ் அண்ணனுக்கோ பழைய பழக்கம் வந்துவிட்டது. எங்களைப் பார்க்கவே இல்லை. கையை வாயருகே குவித்து, கடல்மேல் கூப்பிடுகிற மாதிரி நீளமாக மூன்றாவது தடவை கூப்பிட்டார்.

"அருளப்பா...!"

"இருக்கேன்."

கரகரத்த, தூங்கி எழுந்த குரல். தண்ணீர் தொண்டையில் நின்ற மாதிரி. உதடு அசைந்தது இவருடையதுதான், நான் பார்த்தேன். ஆனால் அந்தக் குரலை இருபத்தெட்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. என் கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது. கர்த்தரே என்று முணுமுணுத்துக்கொண்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

தாமஸ் அண்ணன் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, "கரெக்ட். கிளம்பலாம்" என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, "இன்னாச்சு? இன்னா சார், அழறீங்க?" என்று பதறிப்போனார்.

மாலை 4.50, பொத்தேரி ஸ்டேஷன்

காவ்யா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். "மேம், கேட்டுப் பார்த்தேன். சாருக்கு ஒரு மாதிரி இருந்தா, கூப்பிடற பேரை மட்டும் ஜெயராஜ்னு மாத்திடலாமாம். பெருசுல போட்டுடவா?"

இவர் போனை என் கையிலிருந்து வாங்கினார். "வேணாம்மா. பேரு அப்படியே இருக்கட்டும். சின்னக் கப்பல்ல போடுங்க."

அட்வான்ஸை அங்கேயே அனுப்பிவிட்டு இவர் என் பக்கம் திரும்பினார். "அப்பாவோட கப்பல் ஒரு ஆள் குறைச்சலாவே வந்து சேர்ந்துடுச்சு, ரோஸி. பதில் வராமலே ஓட்டிட்டுப் போயிட்டாங்க. இது அப்படிப் போகாதாம்ல."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் சில்லென்று ஒரு பயம். நாலு நாள், அந்தத் தண்ணீருக்கு நடுவில், ஆள் எண்ணும்போதெல்லாம் அருளப்பன் என்று கூப்பிட, இவர் அந்தக் குரலில் பதில் சொல்லுவார். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால்? அந்தக் கப்பலில் ஜெயராஜ் என்றால் அது நான்தான். இவரை யார் கூப்பிடுவது?

மாலை 5.35, தாம்பரம்

ரயிலில் நல்ல கூட்டம். தாம்பரத்தில் முண்டியடித்து இறங்கித் திரும்பினால், இவரைக் காணோம். உள்ளே, எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கண் திறந்திருக்கிறது, ஆள் அங்கே இல்லை.

"என்னங்க!" என்றேன். நடைமேடையில் நாலு ஆண்கள் திரும்பினார்கள். இவர் திரும்பவில்லை. "என்னங்க, ஸ்டேஷன் வந்தாச்சு!" ரயில் ஊதிவிட்டது. எங்கே போகிறது தெரியுமா? பீச் ஸ்டேஷனுக்கு.

கல்யாணமான நாளிலிருந்து நான் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. தனியாக இருக்கும்போதுகூட இல்லை. கோபத்தில்கூட இல்லை. வாய் வராது, அவ்வளவுதான். அன்றைக்கு வந்தது.

"ஜெயராஜ்!"

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பெட்டி முழுக்கத் திரும்பியது. இவர் உடம்பு தூக்கிப்போட, "இதோ, இதோ வந்துட்டேன்" என்று ஆட்களை இடித்துக்கொண்டு ஓடிவந்து இறங்கினார். இவருடைய குரல்தான். ரயில் எங்களைத் தாண்டி நகர்ந்தது.

"என்னடி, பேரைச் சொல்லிக் கத்தற? ஊரே பாக்குது."

"பாக்கட்டும். கப்பல்ல அவங்க உங்கப்பாவை எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடட்டும், நீங்களும் பதில் சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் நான் உங்களைக் கூப்பிடுவேன். அதுக்கும் பதில் வரணும்."

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நடைமேடையில், அத்தனை பேர் பார்க்க, அதுவும் முதல் தடவைதான்.

"வரும்" என்றார்.